பெட்ரோலை இறக்கியவன்

சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு திரும்பிய நிர்மலா, மாட்டுக்கொட்டாய் ஓரத்தில் கண்ட காட்சியில் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் புருஷன் அருள்குமாரின் பைக்கிலிருந்து ட்யூப் வழியாக ஒரு பிளாஸ்டிக் கேனுக்குள் பெட்ரோல் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான் கொழுந்தன் மாதவராஜ்.

"நல்லா இருக்குது தம்பி. நான் அந்தப் பக்கம் தலை மறைஞ்சதும் இந்தப் பக்கம் வேலையை ஆரம்பிச்சிட்டீங்க."

அவன் விசுக்கென்று எழுந்தான். "அண்ணி... அது வந்துங்க..."

"என்ன வந்து? இண்டூர்ல பங்க்கெல்லாம் மூடிட்டாங்களா? அண்ணன் படுத்துக் கெடக்கறார், யார் கேக்கப் போறாங்கன்னு நெனச்சீங்களா? கேட்டிருந்தா நானே புடிச்சுக் குடுத்திருப்பேனே."

"ஐயோ, எனக்கு எதுக்குங்க? வண்டி சும்மாவே நிக்குது. மாசக்கணக்கா நின்னா பெட்ரோல் கெட்டுப்போயி கார்பரேட்டர்ல பிசின் மாதிரி ஒட்டிக்கும். அப்பறம் எத்தினி உதைச்சாலும் கெளம்பாது. முழுசா எறக்கிட்டு, டேங்க்ல கொஞ்சம் ஆயில் விட்டு ஆட்டி வச்சா துருவும் புடிக்காதுங்க."

"மாசக்கணக்கா நிக்கும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

கேட்டுவிட்டு வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பங்குனியில் புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்த அருள்குமார் உள்ளே கட்டிலில் கிடந்தான். நிர்மலாவின் குரல் தாழ்ந்தது.

"ஆடிப் பதினெட்டுக்கு இதே வண்டியிலதான் ஒகேனக்கல் போறோம்னு தெனமும் அவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன். போன வாரம்தான் பெட்ரோல் வாங்கியாந்து, அவர் காதுல விழணும்னே சத்தமா பேசிக்கிட்டு ஊத்தினேன். மரியாதையா அதைத் திருப்பி ஊத்துங்க."

"வண்டி வீணாப் போயிடுமுங்க அண்ணி."

"போவட்டும்."

மாதவராஜ் நகரவில்லை. கேன் மூடியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

அவனை உறுத்துப் பார்த்தவளுக்கு, அதற்குமேல் அடக்க முடியவில்லை. பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். உங்க மனசோட இருக்கட்டும். கடைசியா தருமபுரிக்குக் காட்டப் போனப்ப, டாக்டர் என்னை மட்டும் தனியா கூப்பிட்டுச் சொன்னார். இனிமே அவருக்கு எந்திரிச்சு நடக்க முடியாதாம். வூட்டுல நான் மூச்சு விடல. நாலு பேர்கிட்ட சிரிச்சுப் பேசிக்கிட்டே திரியறேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்த மாதிரி வண்டியிலேருந்து பெட்ரோலை எறக்குவாங்கன்னு அவருக்குத் தெரியாதா என்ன? நீங்க எறக்கினது காதுக்குப் போச்சுன்னா, இனிமே வண்டி ஓட்டப் போறதில்லன்னு அவருக்குப் புரிஞ்சு போயிடும். மறுபடி ஓட்டிடுவோம்கற நெனப்புலதான் சோறாவது ரெண்டு வாய் எறங்குது. அதையும் கெடுத்துடாதீங்க."

மாதவராஜ் தலை குனிந்துகொண்டான். கண் கலங்கியிருந்தது.

"கோவத்துல உங்களைத் திருடன் கணக்கா பேசிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"அவரும் இதைத்தாங்க சொன்னார்."

"யாரு?"

"அண்ணன்தான். நேத்து போன் பண்ணி வரச் சொன்னதே அவர்தான். 'என் காலு எனக்குத் தெரியாதாடா? வண்டியாவது கெடாம இருந்தா நாளைக்கு அவளுக்கு ஒதவும். அவ பால் ஊத்தப் போற நேரமா பாத்து எறக்கிடு. நான் எந்திரிச்சிடுவேன்னு நம்பிக்கிட்டு இருக்கா, பாவம். அவகிட்ட மட்டும் சொல்லிடாத'ன்னாருங்க."