கூட்டினால் பூஜ்ஜியம்

"ரெண்டும் பின்னிக் கெடக்கு தம்பி. பிரிச்சுக் குடுக்க முடியுமா?"

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து இரண்டு பழைய கேசட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒலிப்பதிவாளர் முதல் கேசட்டைக் கருவியில் போட்டார். இளம் பெண்குரல் ஒன்று உருகி உருகிப் பாடியது. நாலாவது வரியில், லாரி மேடேறுவதுபோல் ஒரு குறட்டை!

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யாரும்மா இது?"

"பாடறது நான். அப்போ இருபத்து மூணு வயசு. ரேடியோவுல மொதல் தடவ, நேரடி ஒலிபரப்பு. வீட்ல ஒக்காந்து பதிவு பண்ணி வைங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுப் போனேன். மனுஷன் பட்டனத் தட்டிட்டு அப்படியே தூங்கிட்டார். டேப் ரெக்கார்டர்ல இருந்த மைக் கொறட்டையையும் சேத்து வாங்கிடுச்சு."

"சும்மாவா விட்டிருப்பீங்க?"

"பதினோரு நாள் பேசலையே! அன்னிக்கு ரெண்டு ஷிப்ட் தொடந்து பாத்துட்டு வந்தாராம். அதக்கூட அவர் சொல்லல, கூட வேல பாத்தவர் சொல்லித்தான் தெரியும்."

"எப்பவுமே இப்படித்தானா?"

"முப்பத்தேழு வருஷம். ஒருநாள் லீவு விடல. காதுல பஞ்சு வச்சிருக்கேன், தலைகாணியத் தூக்கிக்கிட்டு அடுத்த ரூமுக்கு ஓடியிருக்கேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

இரண்டாவது கேசட், பக்கத்து வீட்டுக்காரர் பதிவு செய்தது. அதே பாட்டு, குறட்டை இல்லாமல். ஆனால் பாதிக்குமேல் நாடா சிக்கி அறுந்திருந்தது.

"பாதி போதும்மா" என்று அவர் கணினித் திரையில் இரண்டு பதிவுகளின் ஒலி அலைகளையும் விரித்தார். "ஸ்கூல்ல கிராஃப் தாள்ல ரெண்டு கோடு வரைஞ்சு கூட்டுவோமே, ஞாபகம் இருக்கா? ஒண்ணு மேட்டுல மூணு, இன்னொண்ணு பள்ளத்துல மூணு. கூட்டினா பூஜ்ஜியம்."

"எனக்குக் கணக்குன்னாலே காய்ச்சல் வரும் தம்பி."

"அவ்ளோதாங்க விஷயம். பக்கத்து வீட்டுப் பாட்டத் தலைகீழாத் திருப்பி உங்களோடதுல கூட்டறேன். பாட்டும் பாட்டும் சரியாப் போயிடும். மிச்சம் கொறட்டை மட்டும். அதோட சாயல் பிடிபட்டுட்டா, கடைசி வரைக்கும் துடைச்சு எடுத்துடலாம். உங்க பாட்டு பளிச்சுனு வந்துடும்."

அவள் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மேடும் பள்ளமும் நேருக்கு நேர் வர ஒரு மணி நேரம் பிடித்தது. மயிரிழை தள்ளினால் பாட்டு ஆவிபோல் கேட்டது. கடைசியில் பாட்டின் அலை முழுதும் தட்டையாகப் படுத்துவிட, குறட்டை மட்டும் திரையில் ஏறி இறங்கியது.

ஹெட்போனை அவளிடம் கொடுத்தார். நீண்ட இழுப்பு, நடுவில் சின்ன விசில், பிறகு ஒரு பெருமூச்சு. அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"திருடன் மாட்டிக்கிட்டான்! இனி இவனத் துடைக்கிறதுதான் பாக்கி" என்று அவர் மௌஸை நகர்த்தினார்.

சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி, இதுதான் வேணும். எட்டு மாசமா வீட்ல ஒரு சத்தமும் இல்ல, எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது."