போறேன்னு சொல்லாத

"அக்கா, அவளா போறதுக்குள்ள நாமளே அவள குரூப்ல இருந்து தூக்கிரணும்!"

பணியாரக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று கொதித்தாள் பாத்திமா. கல்லை விட அவள்தான் சூடாக இருந்தாள்.

சண்முகவள்ளி பணியாரத்தைக் குச்சியால் திருப்பிப் போட்டாள். "தூக்க வேணாம். நேர்ல வந்து சொல்லிட்டுப் போகச் சொல்லியிருக்கேன். செத்த நேரத்துல வந்துருவா."

சீரியல் நடிகர் மிதுலனுக்காகத் திண்டுக்கல் பெண்கள் நடத்தும் வாட்ஸப் குரூப்புக்குச் சண்முகவள்ளிதான் அட்மின். கொஞ்ச நாளாகவே ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டிருந்தார்கள். இப்போது நாகஜோதியும். மிதுலன் எந்த ஊரில் ஷூட்டிங்கில் இருக்கிறார், எந்தக் கடைத் திறப்புக்கு வந்தார் என்று முதலில் மோப்பம் பிடித்துப் படம் போடுகிறவள் அவள்தான். அவளும் போய்விட்டால் குரூப்பில் காலை வணக்கம் மட்டும்தான் மிஞ்சும்.

"அவரு பொறந்தநாளும் அதுவுமா போறேங்கிறா பாருங்க. துரோகி!"

"ஏன்டி அம்புட்டுப் பெரிய வார்த்தை? பிடிச்சுச்சு, வந்தா. இப்ப மனசு விட்டுப்போச்சு, போறா. இருந்த வரைக்கும் உண்மையா இருந்தாளா இல்லையா?"

"உங்களுக்கு வருத்தமே இல்லையாக்கா?"

"இல்லாம இருக்குமா? அவ போடுற போட்டோவுக்குத்தான் நான் இந்தப் போனையே தூக்கிட்டுத் திரியுறேன்."

பாத்திமாவுக்குப் பாவமாகிவிட்டது. பேச்சை மாற்றினாள். "அவருக்குச் சாக்லேட் கேக்குன்னா உசுருன்னு பேட்டியில சொன்னாரு. நீங்க என்னடான்னா வருஷா வருஷம் கருப்பட்டிப் பணியாரம் சுடுறீங்க."

"அதெல்லாம் டிவிக்குச் சொல்றது. அவனுக்கு இதுதான் பிடிக்கும்."

"பாத்தீங்களா, மறுபடியும் அவன் இவன்னுட்டு! எவ்வளவு பெரிய ஹீரோ அவரு!"

அப்போது நாகஜோதி உள்ளே வந்தாள். வேடசந்தூர் மில்லில் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தாள். முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பாத்திமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அவரு மேல ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் முன்ன மாதிரி ஒட்ட மாட்டேங்குது. பேருக்கு உள்ள இருந்துக்கிட்டு ஹார்ட் மட்டும் போட்டுட்டு இருந்தா, அது உங்களுக்கே மரியாதையில்லக்கா."

"காரணம் நான் கேட்டேனா?" சண்முகவள்ளி ஒரு டப்பா நிறையப் பணியாரத்தை அள்ளி அவள் கையில் கொடுத்தாள். "இந்தா, பிடி. வெறும் வயித்தோட வந்திருப்ப."

திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சரிக்கா, அப்ப நான் போறே..."

சண்முகவள்ளி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "அப்படிச் சொல்லாத தாயி. போயிட்டு வாரேன்னு சொல்லு."

"நான்தான் திரும்ப வர மாட்டேனேக்கா."

"வராட்டிப் போ. சொல்லிட்டுப் போ."

"போயிட்டு வாரேன்க்கா."

"நல்லபடியாப் போயிட்டு வா."

அதற்குமேல் பாத்திமாவால் வீம்பு பிடிக்க முடியவில்லை. வாசலுக்கு ஓடிப்போய் நாகஜோதியைக் கட்டிக்கொண்டாள். "குரூப்ல இல்லாட்டி என்னடி? எனக்குப் போன் பண்ணணும், ஆமா!" என்று அதட்டினாள். அதட்டும்போதே அழுகையும் வந்துவிட்டது.

அவளை அனுப்பிவிட்டு உள்ளே வந்தவள் கேட்டாள். "ஏங்க்கா, வரவே போறதில்லங்கிறா. அவகிட்டப் போயி அந்த ஒரு வார்த்தைக்கு இம்புட்டு மல்லுக்கட்டணுமா?"

சண்முகவள்ளி ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்தாள். திரை முழுக்க மிதுலன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தா சிரிக்கிறான் பாரு பாத்திமா, நடிக்கப் போறதுக்கு இதே வாசல்ல எறங்கையில இவன் எங்கிட்ட 'போறேம்மா'ன்னு மட்டும்தான் சொன்னான்."