இடது கட்டைவிரல்

கோமளவல்லிக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து எட்டு மாதம். அன்றிலிருந்து அவள் படிக்கும் புத்தகத்தை விரித்துப் பிடித்துப் பக்கம் புரட்டுவது கணவர் சந்தானகிருஷ்ணன்தான். அவருக்குத் தோள் விட்டுப்போயிருந்தது. மூன்றாவது கடையிலும் மின்நூல் கருவிகளை இடது கட்டைவிரலால் மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இதுல மூவாயிரம் புத்தகம் ஏத்தலாம் சார்," என்றாள் கடைப்பெண்.

"லேசாத் தொட்டாப் பக்கம் மாறுமாம்மா?"

மாறியது. வாங்கிவந்து, இருவரும் பாதிவரை சேர்ந்து படித்திருந்த, வீட்டை விட்டுப்போன ஒரு பெண்ணைப் பற்றிய நாவலை அதில் ஏற்றி, அவள் மடியில் சாய்த்து வைத்தார்.

"இனி நீங்க கொஞ்சம் படுங்க," என்றாள் குழறலாக.

படுத்தார். உடம்பு அசந்திருந்தும் தூக்கம் வரவில்லை. அவள் தானாகவே பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். வெகுநேரம் பொறுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்துட்டாளா?"