பெரிய வெள்ளி ஷிஃப்ட்

சங்கு ஊதியது.

ஷிஃப்ட் மாறும் சங்கு இல்லை. விட்டு விட்டு, மூச்சுத் திணறுவதுபோல் ஊதும் சுரங்க விபத்துச் சங்கு.

அதற்கு முன்பே நிலம் ஒருமுறை குலுங்கி, ஊரிகம் தொழிலாளர் லைனில் தங்கம்மாவின் அடுப்பிலிருந்த களிப்பானை சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தாமலே ஓடினாள்.

பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. புருஷன் வேலு கீழே இல்லை.

ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவன், சந்தைக்குப் போகிறேன் என்று முகம் கழுவிய கையோடு ரயிலுக்குக் கிளம்பியிருந்தான். இனி இரட்டை ஷிஃப்ட் இறங்குவதில்லை என்று போன மாதம்தான் மாரியம்மன் சன்னதியில் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஆனாலும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஏசுபாதத்துக்குப் பகல் ஷிஃப்ட்.

சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் ஏசுபாதத்தின் மனைவி ஐடா நின்றிருந்தாள். பெரிய வெள்ளி ஆராதனையிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். கோயிலுக்கு உடுத்திய வெள்ளைச் சேலை.

தங்கம்மாவுக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. தன் மஞ்சள் முந்தானையை இழுத்து அவள் தோளை மூடினாள்.

"தைரியமா இரு, ஐடா. உன் வூட்டுக்காரு இன்னா சின்னப் புள்ளையா? மீசைய முறுக்கினு வரும் பாரு."

ஐடா வேலு எங்கே என்று மட்டும் கேட்டாள். சந்தைக்கு என்றாள் தங்கம்மா. ஐடா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆடியில் வேலு தீ மிதித்த அன்று, அவனுடைய பித்தளை வில்லையைக் கட்டிக்கொண்டு அவனுக்குப் பதிலாகக் கீழே இறங்கியவன் ஏசுபாதம். லைனில் எல்லோரும் செய்வதுதான். துரைக்கு முகம் தெரியாது. வில்லையில் இருக்கும் எண் இறங்கினால் போதும். அதே எண் ஏறினால் போதும்.

அப்படி உதவிய மனிதனுக்கா இந்தக் கதி? தங்கம்மா, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜின் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நகர்வதாகவே தெரியவில்லை.

கடைசியில் கேஜ் மேலே வந்தது. ஐந்து பேர் நடந்து இறங்கினார்கள். ஆறாவது ஆளைத் தூக்கி வந்தார்கள். முகத்தைச் சாக்கால் மூடியிருந்தார்கள்.

கிளார்க் இடுப்பு வில்லையைத் திருப்பிப் பார்த்தார். ரிஜிஸ்டரைப் புரட்டினார். நூற்றுப் பதினேழு, ஏசுபாதம் என்று உரக்கப் படித்தார்.

தங்கம்மா ஐடாவைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வேலு கீழே இல்லை என்று சற்றுமுன் நிம்மதிப்பட்டதற்கும் சேர்த்து அழுதாள்.

ஐடா அழவில்லை. தன் தோளில் கிடந்த மஞ்சள் முந்தானையை மெல்ல எடுத்து, தங்கம்மாவின் தோளிலேயே போட்டாள்.

"அக்கா, எங்க வூட்டுக்காரு கோயில்ல கீறாரு."