முன்னால் தள்ள வேண்டிய துப்பாக்கி

தோட்டக் காவலர் மாசிலாமணியிடம் இரண்டு பம்ப் துப்பாக்கிகள் இருந்தன. பழையதன் கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். புதியது நேர் எதிர். முதலில் முன்னால் தள்ள வேண்டும், பிறகுதான் இழுக்க வேண்டும்.

காலையில் மரவள்ளிக்குள் காட்டுப்பன்றி புகுந்தது. புதியதால் சுட்டார், குறி தவறியது. பன்றி அவர்மேல் பாய்ந்தது. பழக்கதோஷத்தில் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மரத்தில் ஏறித் தப்பினார்.

வந்ததும், “சனியனே!” என்று புதியதை அலமாரிக்குள், பழையதன் பக்கத்தில் எறிந்தார்.

புதியது கொதித்தது. “தள்ளச் சொன்னா இழுக்கிறாரு. சனியன் நானா? ஏன் அண்ணே, போன வாரம் உங்க தொண்டையில தோட்டா சிக்குச்சே, ஒரு வார்த்தை திட்டினாரா?”

“நான் பழகின ஆளு தம்பி” என்றது பழையது.

மறுநாள் பழையதோடு போனார். தோட்டா மறுபடி சிக்கியது. அதே பன்றி, அதே மரம்.

திரும்பி வந்தவர் பழையதை மடியில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைத்தார்.

“பாவம், நீ என்ன பண்ணுவே? அந்தச் சனியன் பக்கத்துல உன்னை வெச்சது என் தப்பு.”