டாக்டரம்மாவின் மூக்கு

குடியை விடவென்று டாக்டர் திலகவதியிடம் வருகிறவர்கள், நாற்காலியில் உட்காருவதற்கு முன் அவர் முகத்துக்கு நேராக ஊதிக் காட்ட வேண்டும். அதற்கென்று வாங்கிய கருவி மேசையில் சும்மா கிடந்தது. அவர் தன் மூக்கைத்தான் நம்பினார். "சத்தியமா தொடலைங்க டாக்டரம்மா" என்று யாராவது இழுத்தால், "சத்தியமெல்லாம் வேண்டாம், மூச்சு போதும்" என்பார். ஏலக்காய், கொய்யா இலை என்று எதை மென்றுவிட்டு வந்தாலும் அதற்கு அடியில் இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும். அந்த மூக்கை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வரத்தான் அவருக்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் காலில் விழுந்து எழுந்த மாப்பிள்ளையைக்கூட ஒரு கணம் மோந்து பார்த்துவிட்டே வாழ்த்தினார். போன தடவை வெளியூரிலிருந்து வந்த ஒரே மகன் பரிதி, வாசலிலேயே நின்று அவர் முகத்தில் ஊதினான். "பாத்தாச்சாம்மா? இப்ப உள்ள வரலாமா?" அதற்குப் பிறகு இன்றுதான் வருகிறான். எதையும் கேட்கக் கூடாது என்று காலையிலிருந்து திலகவதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் அவன் ஒரு வார்த்தை பேசாமல் வந்து கட்டிக்கொண்டான். அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்த அவர் கை பாதியில் நின்றது. விலா ஏறி இறங்கவே இல்லை. நெஞ்சு மட்டும் படபடவென்று அவர் தோளில் இடித்தது. மகன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். "மூச்சு விடுடா" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, அவனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவரும் தன் மூச்சை அடக்கிக்கொண்டார்.