குப்பை மீன்

மீனின் வாலில் என் கைவேலை இருந்தது.

ஏணியிலிருந்து இறங்கும்போதுதான் அதைப் பார்த்தேன்.

பல்கலைக்கழக அரங்கில், ஒரு வேன் நீளத்துக்கு நின்றது அந்த மீன். ஏரியைச் சுத்தம் செய்யும் முகாம்களில் அள்ளிய குப்பையை வைத்தே மாணவர்கள் கட்டியிருந்தார்கள். பாட்டில் மூடி, உடைந்த பொம்மை, பல் போன சீப்பு எல்லாம் உடம்பில். செதில்களுக்குப் பழைய செருப்பும் ஷூவும். சுற்றுச்சூழல் வாரத்தின் முதல் நாள். இன்னும் சற்று நேரத்தில் ரிப்பன் வெட்டித் திறக்கப் போகிறார்கள்.

நான் பேனர் கட்ட வந்தவன். அச்சடிப்பதும் நான்தான். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று பிளாஸ்டிக்கிலேயே அடித்துக் கொடுத்து இத்தனை வருஷம் பிழைத்தவன். இந்த முறை யாரோ கேலி செய்துவிட்டார்கள் போல, துணியில் கேட்டார்கள். கொடுத்தேன்.

வாலில் இருந்தது ஒரு பச்சைக் கான்வாஸ் ஷூ. கயிறு கோக்கும் ஓட்டைகளில் ஒன்றில் மட்டும் பெரிய பித்தளை வளையம்.

பேனர் மூலையில் கயிறு கட்டுவதற்காக நாங்கள் அடிக்கிற வளையம் அது. புத்தியுள்ள எவனும் அதை ஷூவில் அடிக்க மாட்டான். ஓட்டை கிழிந்துபோய் என் மச்சினன் வந்து நின்றபோது நான் அடித்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தான், மாமா செய்த நகை என்று சொல்லிக்கொண்டு.

மனைவியின் தம்பி. அம்மா அப்பா இல்லாதவன். எங்களுக்குக் கல்யாணம் ஆன கையோடு, பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டான். பெண்ணோடு இலவச இணைப்பு என்று அவனைச் சீண்டுவேன். படித்தது இதே பல்கலைக்கழகத்தில்தான்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் ஏதோ கோபத்தில் அதே ஷூவோடு வெளியே போனவன் திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் ஏரிக்கரையில் நின்றது. ஆட்கள் இறங்கித் தேடினார்கள். கிடைக்கவில்லை.

அந்தக் 'கிடைக்கவில்லை'யைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் இருந்தோம். எங்கேயாவது நன்றாகத்தான் இருப்பான், கோபம் தணிந்தால் வருவான் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் பங்குக்கும் சேர்த்தே உலை வைக்கச் சொன்னதும் நான்தான்.

அவள் ஏரி முகாமில் பெயர் கொடுத்தாள். மாதாமாதம் முழங்கால் சேற்றில் நின்று அள்ளினாள். மாணவர்கள் அவளுக்கு 'ஏரி அக்கா' என்று பெயர் வைத்தார்கள். இயற்கைமேல் இப்படி ஒரு பற்றா என்று முகாமை நடத்தும் பேராசிரியை அம்மா வியந்துபோனார். பற்றுமில்லை ஒன்றுமில்லை. அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் மட்டும் அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை.

ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டே, இன்றைக்கும் ஒன்றும் இல்லை என்பாள். எனக்கு உயிர் திரும்பி வரும்.

இப்போது ரிப்பன் வெட்டப் போவதும் அவள்தான். உள்ளே பேராசிரியையின் அறையில் இருந்தாள். எந்த நிமிஷமும் வருவாள். வந்தால் மீனைத்தான் பார்ப்பாள்.

ஷூவைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. யார் ஒட்டினார்களோ, பசையைக் கொட்டி ஒட்டியிருந்தார்கள். நகம்தான் பிய்ந்தது. அவள் இதைப் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

மேலே கட்டிய பேனரை அவிழ்த்து, வால் மறைகிற மாதிரி தாழ்த்திக் கட்டினேன்.

"என்ன சார் இது, மீனையே மறைச்சிட்டீங்க?" என்றார் அறையிலிருந்து வந்த பேராசிரியை.

காற்றில் பறக்கும், இப்படித்தான் கட்ட வேண்டும் என்று சொன்னேன். மூடிய அரங்கில் காற்று எங்கிருந்து வரும்? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மேடைக்குப் போனார்.

அவர் பின்னாலேயே வந்த என் மனைவி மேடைக்குப் போகவில்லை. பேனரைப் பார்த்தாள். என் விரலில் ரத்தத்தைப் பார்த்தாள். நேரே வந்து என் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். நான் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க. அத நான்தான் ஒட்டினேன்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "மொத தடவ எறங்கினப்பவே கெடச்சிடுச்சு. குப்பையில போட மனசு வரல. வீட்டுக்குக் கொண்டாந்தா நீங்க தாங்க மாட்டீங்க."

முதல் தடவையே.

அதற்குப் பிறகும் மாதாமாதம் சேற்றில் இறங்கினாள். வீட்டுக்கு வந்து, ஒன்றும் இல்லை என்று எனக்குச் சொல்வதற்காக.

என் கையிலிருந்து துணியை மெல்ல உருவிக்கொண்டு, போய் ரிப்பனை வெட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். பேராசிரியை மைக்கைப் பிடித்து, அடுத்த முகாமுக்கு யாரெல்லாம் வருகிறீர்கள் என்று கேட்டார்.

எப்போதும் முதல் ஆளாகக் கை தூக்குகிறவள் தலையைக் குனிந்து நின்றாள்.

நான் தூக்கினேன்.